பொன்னியின் செல்வனும் என் ராத்திரித் தூக்கமும்

ஐந்தாம் பாகத்துக்கு மறுபடி பைண்டிங் போட்டு வாங்கியாயிற்று. முதுகு விட்டுப்போய் நடுப்பக்கங்கள் கொத்தாகக் கையில் வந்துவிட்டன. பைண்டிங் கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தையலே கிடையாது சார், வெறும் பசைதான்" என்றார். ஓரத்தில் துளை போட்டுத் தைத்து, மேலே காலிகோ துணி ஒட்டிக் கொடுத்திருக்கிறார். உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் புத்தகம் இப்போது மல்லாந்து படுக்க மறுக்கிறது. உள்பக்கத்து எழுத்துகளைப் படிக்க ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தச் சாக்கில் முதல் பாகத்திலிருந்து முழுக்க இன்னொரு தரம் வாசித்தேன். நடுவில் வாய்க்கு மாற்றாக 'மோகமுள்', 'தண்ணீர்' என்று வேறு இரண்டு நாவல்களும். இதற்கிடையில் நண்பர் ஒருவர், படம் இரண்டு பாகமும் பார்த்தவர், "செட் வாங்கலாமா, எந்தப் பதிப்பு?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இது.

கதை, சரித்திரம், யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் இருக்கட்டும். பல வருஷமாக இந்த நாவலோடு எனக்கு ஒரே ஒரு தகராறு. அத்தியாய முடிவு.

ராத்திரி பத்தரைக்கு, ஒரே ஒரு அத்தியாயம் படித்துவிட்டுப் படுக்கலாம் என்று எடுப்பேன். கதாநாயகன் வந்தியத்தேவன் இருட்டில் ஏதோ ஒரு சுவரோரம் நிற்பான். பின்னால் காலடிச் சத்தம். யாரோ ஒருவர் 'வீல்' என்று அலற, அத்தியாயம் முடிந்துவிடும். சரி, யார் அலறியது என்று மட்டும் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கலாம் என்று அடுத்ததைப் புரட்டினால், கதை பழையாறைக்குப் போயிருக்கும். அங்கே நிதானமாக ஊர் வர்ணனை. அதைத் தாண்டி அலறலுக்குத் திரும்பி வருவதற்குள் பழையாறையிலும் ஒரு ஓலை வந்து, ஒரு முகம் வெளிறி, அங்கேயும் ஒரு முடிச்சு விழுந்திருக்கும். மணி ஒன்றாகிவிடும்.

சில கொக்கிகள் சுத்த ஏமாற்று. அரிசிலாற்றங்கரையில் பெண்கள் அலறுகிறார்கள், முதலை வாயைப் பிளந்து கிடக்கிறது, நம் ஆள் பதறி ஓடிவந்து வேலை வீசுகிறான். பார்த்தால் அது எப்போதோ செத்து, பாடம் பண்ணி வைத்த முதலை. வானதியின் தைரியத்தைச் சோதிக்க நடந்த விளையாட்டு. அவனுக்கு வந்த வெட்கத்தில் பாதி எனக்கும் வந்தது.

இன்னொன்று, இந்தச் சோழ நாட்டில் ரகசியம் பேசுகிறவர்கள் ஒருவராவது சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று ஒழுங்காகப் பார்ப்பதில்லை. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுக் கூட்டம் நடந்தால் மேலே வந்தியத்தேவன் முழித்துக்கொண்டிருக்கிறான். திருப்புறம்பியம் பள்ளிப்படையில் (ராஜாவுக்கு எழுப்பிய சமாதிக் கோயில்) சதி நடந்தால் மறைவில் ஒற்றன் ஆழ்வார்க்கடியான். தஞ்சாவூரில் பொக்கிஷ நிலவறைக்குள் போனாலும் அங்கேயும் ஒருத்தன் ஒளிந்திருக்கிறான். ராஜ்யத்தைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறவர்களுக்கு வாசலில் ஒரு ஆளை நிறுத்தத் தெரியாதா?

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இது 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954 வரை மூன்றரை வருஷம் வந்த தொடர். வாரக்கடைசிக்கு இதழ் எப்போது வரும் என்று காத்திருந்த ஒரு வீட்டுக்காக எழுதியது. அவர்களுக்கு அந்த அலறல் ஏழு நாள் பேச்சுக்கு ஆகும். போன வாரக் கதையை நாலு வரியில் ஞாபகப்படுத்துவதும் அவர்களுக்குத் தேவைதான். மொத்தமாகப் படிக்கிற எனக்குத்தான் அது பத்து நிமிஷத்துக்கு முன்னால் படித்ததைத் திரும்பப் படிக்கிற எரிச்சல். அட்டை போட்ட புத்தகமாக்கி, ராத்திரி பத்தரைக்கு ஒருவன் படிப்பான் என்று கல்கி எழுதவில்லை. இதெல்லாம் புரிகிறது.

புரியாதது கடைசி பாகம். (படம் மட்டும் பார்த்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினியா, பாண்டிய ராஜாவுக்காகப் பழிவாங்கத் துடிக்கிற ஆபத்துதவிகளா, தன் கைக்கத்திதான் காரணம் என்கிற பெரிய பழுவேட்டரையரா? காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாஸன், சோமன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்கிறது. அது ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நடுவில் உத்தம சோழன் ஆட்சி முழுக்கப் போயிருக்கிறது. தண்டனைக்கு ஏன் அவ்வளவு தாமதம் என்பது ஆய்வாளர்களுக்கே சண்டை போட இடம் தருகிற விஷயம். சரித்திரம் மூடி வைத்ததை நாவல் திறந்து காட்ட வேண்டும் என்று சட்டமில்லை, சரி. ஆனால் 293 அத்தியாயத்துக்குக் கொக்கி போட்டவர், கடைசிக் கொக்கியை மட்டும் கழற்றாமல் போனால் எப்படி? அந்தக் காலத்து வாசகர்களும் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். அதற்காகவே முடிவுரை ஒன்று எழுதி, மற்றவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கல்கி பொறுமையாகச் சொல்கிறார். படித்தேன். ஆறவில்லை.

'தண்ணீர்' இந்த விஷயத்தில் நேர் எதிர். அசோகமித்திரனும் அதைக் 'கணையாழி'யில் தொடராகத்தான் எழுதினார். ஒரு இடத்தில்கூட நம் சட்டையைப் பிடித்து இழுப்பதில்லை. சென்னையில் ஒரு தெரு, குழாயில் தண்ணீர் வராத நாட்கள், ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை. தெருவைத் தோண்டுகிறார்கள், தண்ணீர் வந்தால் சாக்கடையோடு கலந்து வருகிறது. டீச்சரம்மா வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு ஜமுனா எழுந்து வருகிற இடம் இருக்கிறதே, அங்கே கல்கியாக இருந்தால் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருப்பார். இவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகவிடுகிறார். முடிவில் இதுவும் எல்லாவற்றையும் கட்டி முடிப்பதில்லை. ஆனால் கோபம் வரவில்லை. தருகிறேன் என்று அவர் எதையும் சொல்லவே இல்லையே. ஒரே மூச்சில் படிக்கிற அளவுதான். முடித்துவிட்டு நேரத்தோடு தூங்கினேன்.

'மோகமுள்' பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தி. ஜானகிராமன், 'சுதேசமித்திரன்' வார இதழில் வந்தது. கும்பகோணத்துத் தெருவும் ரங்கண்ணாவின் பாட்டு வகுப்பும் வருகிற பக்கங்களுக்காக எத்தனை தரமும் படிக்கலாம். பாபு யமுனாவை நினைத்து உருகிக்கொண்டே இருக்கும் பக்கங்களில் ஒரு கால்வாசியை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. இப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள், தெரியும்.

ஆக, எழுத்தென்று பார்த்தால் 'தண்ணீர்' எங்கோ மேலே இருக்கிறது. இந்த மூன்றில் மிச்ச இரண்டையும் யாராவது தூக்கிக்கொண்டு போனால்கூட அதைத் தரமாட்டேன் என்று இரண்டு வாரம் முன்பு வீட்டில் சொன்னேன். அப்புறம் பார்த்தால், ஐந்தாம் பாகம் பைண்டிங்கிலிருந்து வந்த அன்றைக்கே முதல் பாகத்தை எடுத்து, சேந்தன் அமுதன் வீட்டில் வந்தியத்தேவன் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் ஒரு பிடி பிடிக்கிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய ராஜதந்திரத்துக்கு நடுவே அந்தப் பையனுக்கு எப்போதும் பசிக்கிறது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறவனைப் பார்த்தாலே எனக்கு மனசு லேசாகிவிடும்.

நண்பருக்குப் பதில். பதிப்பு கேட்டீர்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள், விலையும் மலிவு. மலிவுப் பதிப்பு எடுத்தால் மூன்று பார்த்துக்கொள்ளுங்கள்: தையல் இருக்கிறதா, மணியம் ஓவியங்கள் இருக்கின்றனவா, கடைசியில் முடிவுரை இருக்கிறதா. என்னுடையதில் குந்தவை அடுத்த பக்கத்திலேயே குந்தவி ஆகிவிடுகிறாள், அந்த அளவுக்குப் பிழை. ஐந்து பாகத்தையும் ஒன்றாகச் சேர்த்த குண்டுப் புத்தகம் வேண்டவே வேண்டாம், படுத்துக்கொண்டு படித்தால் மூக்கில் விழும்.

வாங்கலாமா என்றால், இன்றைய மனநிலையில் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கரிகாலன் விஷயத்தில் கோபம் இன்னும் இருக்கிறது. 'தண்ணீர்' வாங்குங்கள். பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை மட்டும் பக்கத்து நூலகத்தில் எடுத்துப் பாருங்கள், அதுவும் மறுநாள் லீவு இருக்கிற ராத்திரியாகப் பார்த்து. என் செட்டை இரவல் கேட்காதீர்கள். இப்போதுதான் பைண்டிங் போட்டிருக்கிறது.