தண்டையார்பேட்டை ஜாப் டைப்பிங் கடை: பட்டாளத்துக்காரனுக்கு நாலு ஸ்டார்

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி, திருவொற்றியூர் ஹைரோடை ஒட்டின சந்துக்குள் நுழைந்தால் கேன் தண்ணீர்க் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. போர்டில் பெயர் கிடையாது. ‘ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன்’ என்று மட்டும் பெயின்ட்டில் எழுதியிருக்கும். அதற்கடியில் மார்க்கரால் ‘பென்ஷன் மனு எழுதித் தரப்படும்’. எல்லா பென்ஷனும் இல்லை, ராணுவ பென்ஷன்தான் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. கடைக்காரர் ஹவில்தார் கிளர்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். என்னை மாதிரி பட்டாளத்து ஆட்களின் பேப்பரை சர்வீஸ் முழுக்க எழுதின கை.

ரேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் பக்கத்துக்கு 2 ரூபாய். இங்கிலீஷ் டைப்பிங் பக்கத்துக்கு 40. மனுவை யோசித்து எழுதித் தருவதற்கு அவராக ஒரு தொகை சொல்வார், அது உங்கள் கேஸைப் பொறுத்தது. எனக்கு எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. இதற்கு முன்னால் வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம், வரப்போகிற அரியர்ஸில் கால் பங்கு கேட்டார்கள். வராத பணத்துக்குப் பங்கு பிரிக்க எனக்கு இஷ்டமில்லை.

என் விஷயம் இதுதான். 1982இல் சேர்ந்தேன், 1999இல் வெளியே வந்தேன். நடுவில் இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனேன். 1988இல் வவுனியா பக்கம் ரோட்டில் வெடி இருக்கிறதா என்று பார்த்து வழி திறந்துவிடும் ரோடு ஓப்பனிங் டியூட்டியில் இருந்தபோது மதகுக்கு அடியில் வைத்திருந்த கண்ணிவெடி வெடித்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போகவில்லை, ஆனால் மடங்காது. உள்ளே இரும்புத் துண்டு இன்னும் இருக்கிறது. உடல் தகுதி குறைந்தவன் என்று லோ மெடிக்கல் கேட்டகரியில் போட்டு, ஸ்டோரில் உட்காரவைத்து, மிச்ச சர்வீஸை முடிக்கவிட்டார்கள். வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு 30 சதவீதம் ஊனம் என்று எழுதியது. காரணம் என்கிற கட்டத்தில் டியூட்டியின்போது ஏற்பட்ட விபத்து என்று எழுதியது. நான் கையெழுத்துப் போட்டு, ரயிலேறி வந்துவிட்டேன்.

வீட்டிலும் தெருவிலும் கதை அதேதான். ஆக்சிடென்ட். அதை ஆரம்பித்தது அப்பா. அவர் அப்போது ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி ஆட்கள் திருகோணமலையிலிருந்து கப்பலில் வந்து இங்கேதான் இறங்கினார்கள். அன்றைய முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. ஊரே அந்த மனநிலையில்தான் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் என் மகன் அங்கே போய்க் காலை விட்டுட்டு வந்தான் என்று தெருவில் எந்த அப்பன் சொல்வான்? ஆக அரசாங்கப் பேப்பரிலும் ஆக்சிடென்ட், எங்கள் தெருவிலும் ஆக்சிடென்ட்.

இந்தக் கடைக்கு நான் போனது ஸ்பர்ஷ் என்கிற ராணுவ பென்ஷன் வெப்சைட்டில் லைஃப் சர்டிஃபிகேட் போட. நவம்பர் மாசம், கூட்டம். என் பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வைப் பார்த்த கடைக்காரர் நிமிர்ந்து என் காலைப் பார்த்தார். “அண்ணே, இது எங்க ஆச்சு?” என்றார். பழக்க தோஷத்தில் ஆக்சிடென்ட் என்றேன். “ஆக்சிடென்ட்டுன்னா எங்க? எந்த யூனிட்டு, எந்த வருஷம்?” என்று விடாமல் கேட்டார். சொன்னேன். லைஃப் சர்டிஃபிகேட்டை முடித்துவிட்டு, “கூட்டம் போவட்டும், குந்துங்க” என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31 தேதியிட்டு ஒரு கடிதம் போட்டிருக்கிறது. அதில் சாவையும் ஊனத்தையும் ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். டியூட்டியில் நடந்த விபத்து ‘சி’. எதிரியின் தாக்குதல், வெளிநாட்டில் அமைதிப்படைப் பணியில் நடந்தது, கண்ணிவெடி புதைக்கும்போதோ அகற்றும்போதோ நடந்தது இதெல்லாம் ‘இ’. சி என்றால் 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். இ என்றால், என்னைப் போலக் காயத்தோடு சர்வீஸை முடித்து ஓய்வு பெற்றவனுக்கு 60. ஒரே ஒரு எழுத்தில் சரிபாதி போய்விடுகிறது. இதுபோக, 50க்குக் கீழே உள்ள ஊனத்தை 50 என்றே கணக்கிட வேண்டும், முழு சர்வீஸ் முடித்தவனுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. அதுவும் எனக்கு வரவில்லை.

“அப்போ அரியர்ஸ் லட்சக்கணக்குல வருமா?” என்று பக்கத்தில் நின்ற ஒருத்தர் வாயைப் பிளந்தார். “கனவு காணாதீங்க. பழைய கேஸுன்னா மனு போட்ட தேதிக்கு மூணு வருஷம் முன்னாடி வரைக்கும்தான் பொதுவா குடுப்பாங்க. 2008லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு” என்றார் கடைக்காரர். வாடிக்கையாளரைப் பிடிக்க ஆசை காட்டாத கடை. இதற்கே ஒரு ஸ்டார் தரலாம்.

எனக்குப் பணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மருமகள் வேலைக்குப் போகிறாள், பேரன் ஸ்கூல் ஃபீஸ் எகிறுகிறது. ஆனால் அவர் பராக்ரம் பதக்கம் என்று சொன்னபோதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எதிரியால் நேரடியாகக் காயம்பட்டவனுக்குக் கொடுப்பது அது. வெள்ளை ரிப்பன், நடுவில் சிவப்புப் பட்டை. என் கூடக் காயம்பட்ட ஒருத்தன் மார்பில் பார்த்திருக்கிறேன். அவனுக்கு வந்தது, எனக்கு வரவில்லையே, என் காயம் சின்னக் காயம் போல என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனு எழுதும் விதத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து நானே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ‘தாய்நாட்டிற்காக ரத்தம் சிந்திய’ என்று ஆரம்பித்திருந்தேன். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். “ரத்தம் எல்லாருக்கும் சிகப்புதாண்ணே. தேதி சொல்லுங்க” என்றார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. காலையா மாலையா? முன்னால் யார் நடந்தது? ஹெலிகாப்டரா வண்டியா? முதலில் எந்த ஆஸ்பத்திரி? மறந்துவிட்டது என்று நினைத்ததெல்லாம் மேலே வந்தது. பூட்ஸ் கழலவில்லை, கால் வீங்கிப் போயிருந்தது, கத்தியால் லேஸோடு சேர்த்து நெடுக அறுத்து எடுத்தார்கள். அறுத்த பூட்ஸின் ஒரு பாதியை நான் ஸ்ட்ரெச்சரில் கட்டிப் பிடித்துக்கொண்டே போனேன், அதை வாங்கப் பார்த்தால் திட்டினேன். இதைச் சொல்லும்போது அவர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். “பூட்ஸை அறுத்தது யாருண்ணே?” என்றார்.

நர்சிங் அசிஸ்டன்ட். தமிழ்ப் பையன்தான். வேலூர் பக்கம், கம்மவான்பேட்டை. ஊர்க்காரர்கள் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு ஒருத்தன் பட்டாளத்தில் இருப்பான். அங்கே ஒரு மிலிட்டரிக்காரரைத் தேடுவது கடினம் இல்லை. என் பேரன் இரண்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் ஆள் கிடைத்துவிட்டார். அவர் கொடுத்த வாக்குமூலம் இப்போது என் மனுவில் இணைப்பாக இருக்கிறது.

எக்ஸ்ரேவையும் விடவில்லை. ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, கீழ்க்கால் எலும்புக்குப் பக்கத்தில் அரிசி நொய் மாதிரி வெள்ளையாகத் தெரிந்ததைப் பேனா முனையால் எண்ணினார். “வண்டி மோதினா உள்ள இது எப்படி வரும்?” என்று அவரே கேட்டுக்கொண்டார். டாக்டரிடம் புது ரிப்போர்ட்டில் ‘உலோகத் துண்டுகள்’ என்று தெளிவாக எழுதி வாங்கச் சொன்னார். வாங்கினேன்.

அன்றைக்குத்தான் அந்தச் சண்டையும். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர், ஹார்பர் ரிட்டயர்டு ஆள் போலத் தெரிந்தது, இலங்கை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். “அங்க போன ஆர்மியா நீ? நம்ம ஜனங்கள இன்னா பண்ணீங்கன்னு தெரியாதா?” என்றார். “போனேன்” என்றேன். இந்தத் தெருவில் வாய்விட்டு அதைச் சொன்னது அப்போதுதான். எங்கள் பக்கமும் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள், அந்தப் பக்கம் ஜனங்கள் செத்ததும் உண்மை, இரண்டையும் ஜெராக்ஸ் கடையில் நின்று தீர்க்க முடியாது. அவர் விடவில்லை. கடைக்காரர் அவர் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. “நைனா, ஆதார் ரெண்டு பக்கமா ஒரு பக்கமா?” என்று கேட்டு, எடுத்துக் கொடுத்து, 4 ரூபாய் வாங்கி அனுப்பினார். இதைப் படிப்பவர்களிலும் எங்களைப் பிடிக்காதவர்கள் இருப்பீர்கள். இருங்கள். நான் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆர்.டி.ஐ. போடுவதில் அவருக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான் ‘என் காயத்தை ஏன் விபத்து என்று எழுதினீர்கள்’ என்று கேட்கச் சொன்னேன். “ஏன்னு கேட்டா பதில் வராது, எதுவோ அதோட நகல்னு கேக்கணும்” என்றார். மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகல், 1988இல் என் பெயரில் யூனிட் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டர் என்கிற பதிவு உத்தரவின் நகல், சர்வீஸ் ரெக்கார்டின் நகல். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். முதலில் ‘பழைய ஆவணம், தேடப்படுகிறது’ என்று மழுப்பலாக வந்தது. மேல்முறையீடு டைப் அடித்துக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. பிறகு உறை வந்தது.

உள்ளே பார்ட் டூ ஆர்டர். கார்பன் பேப்பரில் அடித்தது, பாதி எழுத்து அழிந்திருந்தது. என் நம்பர், ரேங்க், பெயர். பக்கத்தில் பேட்டில் கேஷுவல்டி, அதாவது சண்டையில் பட்ட காயம், என்று இருந்தது. யூனிட் அன்றைக்கே சரியாக எழுதி அனுப்பியிருக்கிறது. பதினோரு வருஷம் கழித்து போர்டில் உட்கார்ந்தவர்கள் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. கடையில் வேலை செய்யும் பாப்பா அதை ஸ்கேன் பண்ணி கான்ட்ராஸ்ட் ஏற்றி, எழுத்தைக் கொண்டுவந்துவிட்டாள். “தாத்தா, இது கோல்டு, லேமினேட் பண்ணிடாதீங்க, ஒரிஜினல் கேட்டா காட்டணும்” என்றாள். லேமினேஷன் போட்டால் அவள் கடைக்குத்தான் காசு.

பதக்கத்துக்குத் தனி மனு, பென்ஷனுக்குத் தனி மனு போட்டோம். ஒன்றாகப் போட்டால் இந்த செக்‌ஷன் அந்த செக்‌ஷனைக் கைகாட்டும் என்பது அவர் அனுபவம். இரண்டும் ஸ்பீட் போஸ்டில் போயிருக்கின்றன. பதில் வரவில்லை. மறுத்தால் ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை பெஞ்சுக்குப் போகலாம், அதற்கு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள், அது என் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

இனி குறை. வாசலில் இரண்டு உயரமான படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. காலில்லாதவனுக்கும் கால் மடங்காதவனுக்கும் மனு எழுதும் கடையில் இது அநியாயம். சொன்னேன், ‘ஓனர்கிட்ட கேக்கணும்’ என்கிறார். அவருக்குப் பரேடு கிரவுண்டு குரல், உங்கள் டிஸ்சார்ஜ் புக்கில் என்ன இருக்கிறது என்பது கேன் தண்ணீர்க் கடை வரை கேட்கும். குடும்ப விஷயம் இருந்தால் மதியம் போங்கள். மழைக்காலத்தில் சந்தில் சாக்கடை ஏறும். தமிழில் அடித்தால் எழுத்துப்பிழை ஏராளம், ‘முன்னாள்’ எல்லாம் ‘முன்னால்’ ஆகிவிடும், படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுங்கள். ஐந்தாவது ஸ்டார் இதனால்தான் போச்சு, பாதிக்கு மேல் அந்தப் படியால்.

சும்மா விசாரிக்கத்தான் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்திலும் காசில்லாமல் வழி சொல்வார்கள். எழுதி முடித்த மனுவாகக் கையில் வேண்டும் என்றால் இங்கே வாருங்கள். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., மெடிக்கல் போர்டு பேப்பர், பழைய எக்ஸ்ரே, கூட இருந்தவர்கள் போன் நம்பர் எல்லாம் எடுத்து வாருங்கள். பையில் இல்லாததை அவர் நம்ப மாட்டார். பகல் ஒன்றிலிருந்து நாலு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், தட்டினால் திறப்பார், ஆனால் கோபமாகத் திறப்பார். நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் கூட்டம், அந்த மாசத்தைத் தவிர்த்துவிடுங்கள். பைக்கை சந்துக்குள் விடாதீர்கள், கறிக்கடை வண்டி வந்தால் எடுக்க முடியாது.