வாசலில் நிற்கும் காரா, வாடகைக்கு வரும் காரா: மதுரைக்கு எது தோது?

அண்ணா நகர், கே.கே. நகர் தெருக்களில் உறை போட்டு நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். வேலைக்கு பைக், கடைக்கு ஸ்கூட்டர், மாசி வீதிக்கு ஆட்டோ. கார் வெளியே வருவது முகூர்த்தத்துக்கும் குலதெய்வம் கோயிலுக்கும்தான். அந்த மாதிரி வீட்டுக்குச் சொந்த கார் வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பெட்ரோல் கணக்கை எல்லோரும் போடுகிறோம், தேய்மானத்தை விட்டுவிடுகிறோம். இன்சூரன்ஸில் வண்டி மதிப்பைக் குறிக்கும் அட்டவணைப்படி, புது வண்டி ஓராண்டில் 15 சதவீதமும் ஐந்தாண்டில் 50 சதவீதமும் மதிப்பு இழக்கிறது. ஷோரூம் விலை 8 லட்சம் என்றால் ஐந்தாண்டில் 4 லட்சம் போச்சு, ஆண்டுக்கு 80,000. மாதம் இரண்டு நாள் மட்டும் எடுக்கிற வீட்டில், எடுக்கிற ஒவ்வொரு நாளுக்கும் தேய்மானமே 3,300 ரூபாயைத் தாண்டுகிறது. கடன் வட்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் இதற்கு மேல்.

சுவிட்சர்லாந்தில் 1997 முதல் மொபிலிட்டி என்ற கூட்டுறவு அமைப்பு கார்களை ரயில் நிலையங்களிலும் தெருக்களிலும் நிறுத்தி வைத்து, மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ள விடுகிறது. நமக்கு அதற்கு நெருக்கமாக இருப்பது செல்ஃப் டிரைவ் வாடகை, அதாவது வாடகைக்கு எடுத்த வண்டியை நாமே ஓட்டிக்கொள்வது. குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய் இரண்டு நாள் தங்கி வர இதுதான் தோது. டிரைவருக்குப் பேட்டா கிடையாது, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் நம்பர் பிளேட்டைப் பார்க்காமல் சாவியை வாங்காதீர்கள். சட்டப்படி செல்ஃப் டிரைவுக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். தெரிந்தவர் மூலமாக வெள்ளை போர்டு வண்டி மலிவாக வரும். அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமிருக்கிறது. மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காகக் குடும்பத்தை அந்த ஆபத்தில் உட்கார வைக்கக் கூடாது.

டிராவல்ஸ் வண்டியில் கவனிக்க வேண்டியது குறைந்தபட்ச கிலோமீட்டர். வெளியூர் என்றால், குறைவாக ஓடினாலும் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுப் பணம் வாங்குவது வழக்கம். கொடைக்கானல் போய்வர ஏறக்குறைய அந்தத் தூரம் ஆகிவிடும், பணம் வீணில்லை. அழகர்கோயில் போய்வர 50 கிலோமீட்டர்கூட ஆகாது, அதற்கு மணிக்கணக்கு பேக்கேஜோ கால் டாக்ஸியோ போதும். தனியாகக் கோவைக்கோ சென்னைக்கோ போகிறவர் ப்ளாப்ளா கார் மாதிரி செயலியில் செலவைப் பங்கிட்டுப் போகலாம். குடும்பப் பயணத்துக்கு அது ஆகாது.

எனக்கு மிகவும் பிடித்தது அண்ணன் வீடும் தம்பி வீடும் சேர்ந்து ஒரே கார் வைத்துக்கொள்வது. பக்கத்துப் பக்கத்துத் தெருவாக இருந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. முகூர்த்த நாளில் வாடகை வண்டி கிடைக்காமல் திண்டாட வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் குலதெய்வம் ஒன்று, விசேஷமும் பெரும்பாலும் ஒன்று என்பதால் ஏழு பேர் உட்காரும் வண்டியாக வாங்கிவிட்டால் சண்டையும் குறையும். ஓட்டத் தெரியாதவர் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே செய்துவிடுங்கள்: கட்டாய விபத்துக் காப்பீடான 15 லட்ச ரூபாய், ஆர்.சி.யில் பெயர் இருக்கும் உரிமையாளர் ஓட்டும்போது அவருக்குத்தான். தம்பி ஓட்டினால் அவருக்கும் கூட இருப்பவர்களுக்கும் தனியாகச் சேர்த்துப் பாலிசி எடுக்க வேண்டும்.

உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கிராமங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ராத்திரி கால் டாக்ஸி வராத ஊர் அது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டிய பெரியவர் இருக்கும் வீடும் அப்படியே. அங்கே கார் வாங்குவதுதான் சரி, கடன் வாங்கினாலும் சரி.

மற்றவர்கள் சித்திரைத் திருவிழாவுக்கும் தை, ஆவணி முகூர்த்தங்களுக்கும் நாள் தெரிந்தவுடன் வண்டியைச் சொல்லி வைத்துவிடுங்கள். எடுக்கும்போது கீறல், டயர், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் முன்பணம் திரும்ப வாங்கும்போது வாக்குவாதம் வராது. கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அதற்கு வண்டி எண் கேட்பார்கள் என்பதால் எந்த வண்டி தரப்போகிறார்கள் என்று முந்தின நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.