புக் பண்ணிக் காத்திருப்பதா, யார்டில் நிற்கிற லாரியை எடுப்பதா?

2025 ஜூனில் நானும் பெரியப்பா மகன் அண்ணனும் ஆளுக்கொரு பத்து சக்கர வண்டி எடுப்பதென்று முடிவு செய்தோம். இருவருக்கும் ஒரே ரூட்: சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போவது, திரும்பும்போது வெங்காயம். அண்ணன், ஷோரூம் யார்டில் கம்பெனி பாடியோடு நின்ற வண்டியை ஆடிப்பெருக்கன்று எடுத்துவிட்டார். நான் சேசிஸுக்கு, அதாவது சரக்கு ஏற்றும் பாடி இல்லாத வண்டிக்கு, ஆர்டர் போட்டுக் காத்திருந்து, நாமக்கல் பட்டறையில் பாடி கட்டினேன். என் வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது டிசம்பர் முதல் வாரம். அதற்குள் அண்ணன் வண்டி பத்து டிரிப் போய் வந்திருந்தது.

"காத்திருந்து என்னத்தக் கண்டே நீ?" என்று அவர் கேட்காத விசேஷ வீடு இல்லை. ஒரு நாள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே விரிக்கிறேன். வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஆர்டர் போட்டால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் கேட்கும் மாடல், வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள நீளம்), கேபினோடு வேண்டுமா வெறும் முகப்போடு போதுமா என்பதை எல்லாம் எழுதி டீலர் கம்பெனிக்கு இன்டென்ட் அனுப்புகிறார். கம்பெனி அதைத் தன் மாத உற்பத்திக் கணக்கில் சேர்க்கிறது. எல்லோரும் வாங்குகிற மாடல் என்றால் சீக்கிரம் வரும். யாரும் கேட்காத வீல்பேஸைக் கேட்டால், அதே போல இன்னும் நாலு பேர் கேட்கும்வரை நம் இன்டென்ட் தூங்கும். "45 நாள்" என்று ஷோரூமில் சொல்வதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் சரியாக அமைந்தால் 45 நாள் என்று அதற்கு அர்த்தம். எனக்குச் சொன்னதும் 45 நாள்தான், வந்தது மூன்று மாதம் கழித்து.

எந்த ஊர் ஃபேக்டரி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். லேலண்டுக்கு ஓசூரிலும் எண்ணூரிலும் ஃபேக்டரி உண்டு, வடக்கே பந்த்நகரிலும் உண்டு. பாரத்பென்ஸ் ஒரகடத்தில். டாடாவின் பெரிய வண்டிகளுக்குப் பழைய தாய்வீடு ஜாம்ஷெட்பூர். ஓசூரிலிருந்து நாமக்கல் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஜாம்ஷெட்பூரிலிருந்து சொந்தச் சக்கரத்தில் ஓடி வந்தால் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர். புது வண்டி மீட்டரில் அவ்வளவு ஓடியிருக்கிறதே என்று பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் மோசடி ஒன்றும் இல்லை, வந்த வழி அவ்வளவு.

அப்பா எடுத்த வண்டிகள் எல்லாம் முகப்பு மட்டும் உள்ள சேசிஸ்தான். எஞ்சின், ஸ்டியரிங், முன்னால் ஒரு கிரில். கூரையும் கிடையாது கதவும் கிடையாது. மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் டிரைவர் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, தொப்பூர் கணவாயில் இறங்கி வருவார். பட்டறை வாசலில் அவர் துண்டை அவிழ்த்தால் கண்ணைச் சுற்றி மட்டும் சொந்த நிறம் தெரியும், மற்றதெல்லாம் புழுதி. கேபினையும் சேர்த்து நாமக்கல்லில்தான் மரத்தில் இழைத்தார்கள். நான் எடுத்தது கம்பெனி கேபினோடு வந்த சேசிஸ். பின்பக்கப் பாடி மட்டும்தான் பட்டறை வேலை.

இனி காசுக்கு வருவோம். காத்திருப்பு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு ரகம் உண்டு. பில் போடுவதற்கு முன் காத்திருப்பது ஒன்று, பில் போட்ட பின் காத்திருப்பது இன்னொன்று. முன்னதில் நம் கையை விட்டுப் போயிருப்பது அட்வான்ஸ் மட்டும். நான் கட்டியது 50,000. ஃபைனான்ஸ்காரர் பணத்தை இன்னும் விடவில்லை, அதனால் வட்டி ஓடாது. பழைய வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் இந்த மூன்று மாதம் உண்மையில் வலிக்கவே வலிக்காது. எரிச்சல் இருக்கும், ஷோரூமுக்குப் போன் போட்டு விரல் தேயும், அவ்வளவுதான்.

வலிப்பது இரண்டாவது. பில் போட்டதும் கடன் பணம் டீலருக்குப் போய்விடுகிறது. அன்றிலிருந்து வட்டி. இன்சூரன்ஸ் ஓடுகிறது, வாரண்டி நாளும் கழிகிறது, வண்டியோ பட்டறையில் செங்கல்லுக்கு மேல் நிற்கிறது. 30 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் மாத டியூ 63,700 சொச்சம் வரும். ஒரு நாள் வட்டி மட்டும் 820 ரூபாய். பட்டறைக்காரர் "அடுத்த வாரம்" என்று சாதாரணமாகச் சொல்லும்போது உண்மையில் அவர் நம்மிடம் கேட்பது ஐயாயிரத்து எழுநூறு ரூபாய்.

எனக்கு இது 65 நாள் இழுத்தது. ஏன் இழுத்தது என்பதுதான் வேடிக்கை.

ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப் போகிறது என்ற பேச்சு வந்தது. செப்டம்பர் 3 அன்று கவுன்சில் முடிவெடுத்தது: சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதம் இருந்த வரி 18 ஆகும், செப்டம்பர் 22 முதல். அதுவரை "எப்பப்பா வரும்?" என்று நச்சரித்த நான், அந்த மாதம் முழுக்க "மெதுவா வரட்டும்ங்க" என்று ஷோரூம்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வரிக்கு முந்தைய விலை 30 லட்சம் என்று வைத்தால் வித்தியாசம் 3 லட்சம். செப்டம்பர் 26 அன்று பில் போட்டேன்.

ஆனால் அந்த யோசனை எனக்கு மட்டுமா வந்திருக்கும்? மாவட்டத்தில் பாதிப் பேர் அதே வாரம் பில் போட்டார்கள். அக்டோபர் 1 ஆயுத பூஜை வேறு. நான் சேசிஸைக் கொண்டுபோய் நிறுத்தியபோது எனக்கு முன்னால் பதினொரு சேசிஸ் வரிசையில் நின்றன. தீபாவளிக்கு ஊருக்குப் போன வெல்டர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பினார்கள். மேஸ்திரியிடம் கேட்டால், "தம்பி, அவசரப்பட்டு அடிச்சா ஆறு மாசத்துல பலகை ஆடும், பரவாயில்லீங்களா?" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது?

அண்ணன் பக்கம் வருவோம். யார்டு வண்டியில் நாள் கணக்கே இல்லை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் லோடு ஏற்றலாம். அதிலும் ஆடியில் போனால் ஷோரூமில் ராஜ மரியாதை, நம்மவர்கள் ஆடியில் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால். அண்ணன் ஆடிப்பெருக்கைக் காரணமாகச் சொல்லிப் பெரியம்மாவைச் சமாதானம் செய்து, 1,25,000 ரூபாய் தள்ளுபடி வாங்கினார்.

யார்டு வண்டியில் பார்க்க வேண்டியது அது எப்போது தயாரானது என்பது. ஆர்சியில் தயாரிப்பு மாதமும் வருஷமும் ஏறும். நாளைக்கு விற்கப் போனால் புரோக்கர் கேட்கும் முதல் கேள்வி "எந்த வருஷ மாடல்?" என்பதுதான், எந்த மாதம் டெலிவரி எடுத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அண்ணனுக்கு முதலில் காட்டிய வண்டிக்கு இன்னும் அதிகத் தள்ளுபடி சொன்னார்கள். அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, பின்டயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். புழுதிக்குள்ளிருந்து 4524 என்ற எண் வந்தது. 2024ஆம் ஆண்டின் 45ஆவது வாரத்தில் செய்த டயர். நவம்பரிலிருந்து வெயிலில் ஒரே இடத்தில் நிற்கிற வண்டி, பேட்டரியும் சந்தேகம். "வேற காட்டுங்க" என்றார். பிப்ரவரி 2025 வண்டியைக் காட்டினார்கள், அதை எடுத்தார்.

அதிலும் ஒன்று விட்டுப்போனது. 2025 ஜூன் 8 முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். பிப்ரவரி வண்டியில் அது இல்லை. என் வண்டியில் இருக்கிறது. இதை நான் பெரிதாக நினைக்கவில்லை, டிரைவர்தான் நினைத்தார். மே மாத வெயிலில் சோலாப்பூர் பக்கம் பகலில் ஓட்டியவருக்குத் தெரியும். இரண்டு வண்டியையும் பார்த்த பிறகு அண்ணனின் டிரைவர் என்னிடம் தனியாக வந்து, வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

விதி மாறுகிற நேரத்தில் யார்டு வண்டியை எடுப்பது எப்போதுமே இப்படிச் சூதாட்டம்தான். 2017 மார்ச் கடைசியில் உச்ச நீதிமன்றம் பிஎஸ்3 (பழைய புகை விதிப்படி செய்த) வண்டிகளை ஏப்ரல் 1க்கு மேல் விற்கக் கூடாது என்றதும், இருந்த இரண்டே நாளில் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். அப்போது எடுத்தவர்களுக்கு அடித்தது யோகம், வண்டியும் சென்சார் தொல்லை இல்லாதது. அதுவே 2018 ஜூலையில் அச்சுச் சுமை வரம்பு (ஒரு அச்சு தாங்கலாம் என்று சட்டம் விடும் எடை) உயர்ந்தபோது கதை மாறியது. 25 டன்னாக இருந்த பத்து சக்கர வண்டி 28.5 டன் ஆனது. 2518 என்று வந்த மாடல்கள் 2818 ஆனதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை டன்னில், அடுத்த இரண்டு குதிரைத் திறனில் பத்தில் ஒரு பங்கு. அந்த ஜூலைக்கு முந்தின மாதம் யார்டிலிருந்து 2518 எடுத்தவர்கள் வயிறெரிந்தார்கள்.

கம்பெனி பாடியா பட்டறைப் பாடியா என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. கம்பெனி பாடியோடு ஃபேக்டரியிலேயே ஆர்டர் போடுவதும் ஒரு வழி. பில் போட்டதும் நேராக ஆர்டிஓ ஆபீஸ், பட்டறை வட்டி மிச்சம். சிமென்ட், பெட்டிச் சரக்கு ஏற்றுகிறவர்கள் யோசிக்காமல் அதற்குப் போகலாம். எனக்குச் சரிப்படவில்லை. ஜவ்வரிசி மூட்டைக்குத் தளம் சொரசொரப்பாக இருந்தால் சாக்கு கிழியும். வெங்காயத்துக்கோ பக்கவாட்டில் காற்று போக வேண்டும். தார்ப்பாய் கயிறு கட்டுகிற கொக்கி ஒன்றரை அடிக்கு ஒன்று வேண்டும், கம்பெனிக்காரன் நாலு அடிக்கு ஒன்று வைக்கிறான். அடியில் அடுப்புப் பெட்டி, தண்ணீர் டிரம், ஸ்டெப்னி எந்தப் பக்கம் என்பதெல்லாம் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஒரே எச்சரிக்கை, பட்டறை அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். இல்லாவிட்டால் ரிஜிஸ்ட்ரேஷனில் நிற்கும், மறுபடி காத்திருப்புதான். எரிவாயு டேங்கர் எடுக்கிறவர்களுக்கு வெடிபொருள் துறை அனுமதி வேறு இருக்கிறது, அது தனிக்கதை.

பழைய வண்டி வாங்கினால் காத்திருக்க வேண்டாம் என்பார்கள். பாதிதான் உண்மை. வண்டி உடனே கிடைக்கும், பேப்பர் கிடைக்காது. முந்தின ஓனரின் ஃபைனான்ஸ்காரர் கடன் தீர்ந்தது என்று ஃபாரம் 35இல் கையெழுத்துப் போட வேண்டும், வெளியூர் வண்டி என்றால் தடையில்லாச் சான்றுக்கு ஃபாரம் 28, பெயர் மாற்ற 29, 30. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று). புதுசுக்கு முதல் இரண்டு வருஷம் அந்தக் கவலையே இல்லை. வட்டியும் கூடுதல். ஆனாலும், டிரைவராக இருந்து முதல் முறை ஓனராகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். கையில் ஓடும் வண்டி எதுவும் இல்லாமல் 63,700 டியூவோடு பட்டறை வாசலில் நிற்பது பெரிய தண்டனை.

சரி, அண்ணன் கேள்விக்குப் பதில். பாடியை ஒதுக்கிவிட்டு வண்டி விலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வரிக்கு முன் 30 லட்சம். அவருக்கு 28 சதவீதத்தோடு 38.4 லட்சம், தள்ளுபடி போக 37.15. எனக்கு 35.4. நான் 1.75 லட்சம் மிச்சம். அதில் பட்டறையில் நின்ற 65 நாள் வட்டி 53,000 போனால் 1.22 லட்சம். அவர் அந்த நாலு மாதத்தில் டீசல், டோல், பேட்டா, டியூ எல்லாம் போகக் கையில் நிறுத்தியது மாதம் சராசரி 30,000, ஆக 1.2 லட்சம். சரிக்குச் சரி!

வரி குறையாமல் இருந்திருந்தால்? நான் 3 லட்சம் பின்தங்கியிருப்பேன். அதனால் "நான்தான் ஜெயித்தேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதியும் வரியும் மாறாத சாதாரண வருஷத்தில், ஏழெட்டு மாதத்துக்குள் தயாரான, அதே வருஷத்து யார்டு வண்டி கிடைத்தால் அண்ணன் செய்ததுதான் சரி. குறிப்பிட்ட வீல்பேஸ், குறிப்பிட்ட பாடி இல்லாமல் தொழில் நடக்காது என்கிறவர்கள் மட்டும் ஆர்டர் போட்டுக் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருந்தாலும் பட்டறையில் இடம் கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற தேதியில் பில் போட வேண்டும். நான் முதலில் பில் போட்டுவிட்டு அப்புறம் பட்டறைக்குப் போனேன்.

போன வாரம் அண்ணன் வந்து, அடுத்த வண்டியை ஆர்டர் போட்டே எடுக்கலாம் என்றிருக்கிறேன், ஏசி வேண்டும் என்று டிரைவர் நச்சரிக்கிறான் என்றார். ஷோரூமுக்கு அவர் போன் போடுவதற்கு முன் நான் மேஸ்திரிக்குப் போட்டுக் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் கிரைண்டர் சத்தம். அது நிற்கும்வரை இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.