டேப்லெட்டில் ஏழு பருவம்: எங்கள் அகழாய்வுத் தரவு யாருக்குப் பயன்பட்டது?

எங்கள் குழு காகிதப் படிவத்தை விட்டு டேப்லெட்டுக்கு மாறி ஏழு பருவம் முடிந்துவிட்டது. இரண்டாவது பருவத்தில் கேட்டிருந்தால் ‘அருமை, யோசிக்காமல் மாறுங்கள்’ என்று சொல்லியிருப்பேன். மூன்றாவது பருவம் முடிந்த சமயத்தில் விலங்கெலும்பு ஆய்வு செய்யும் ஒருவர் எங்கள் எலும்பு அட்டவணையைக் கேட்டார். ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டேன், அதில் கொஞ்சம் பெருமைகூட. அடுத்த மூன்று வாரம் அவருடைய கேள்விகளுக்குப் பதில் எழுதியே போனது.

மீன் எலும்பு என்ற நெடுவரிசையில் சில இடங்களில் பூஜ்யம், சில இடங்களில் வெற்றிடம். வெற்றிடம் என்றால் கிடைக்கவில்லையா, எண்ணவே இல்லையா? ‘க.எ.’ என்ற குறியீட்டை ஒருவர் கருகிய எலும்புக்குப் போட்டிருந்தார், இன்னொருவர் கடித்தடம் உள்ள எலும்புக்குப் போட்டிருந்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி சல்லடை பற்றியது. எந்த அடுக்கின் மண்ணைச் சலித்தீர்கள், சல்லடைக் கண் எத்தனை மில்லிமீட்டர்? மீன் முள், எலிப்பல் போன்றவை கையால் பொறுக்கினால் அனேகமாகக் கண்ணில் படாது. சலிக்காத அடுக்கில் மீன் எலும்பு இல்லை என்பதை வைத்து அங்கே யாரும் மீன் சாப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. இதெல்லாம் குழியில் நின்ற எங்களுக்குத் தெரியும். அட்டவணைக்குத் தெரியாது.

தோண்டியதைத் திரும்பத் தோண்ட முடியாது. பதிவு மட்டும்தான் மிஞ்சும். அதனால்தான் இந்தச் சின்னக் கேள்விகள் என்னை உறுத்தின. அன்றிலிருந்து எங்கள் முறையை ஒரே அளவுகோலில்தான் பார்க்கிறேன்: எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறொருவர் இதைப் பயன்படுத்த முடியுமா?

முதலில் செயலி. ஆரம்பத்தில் வாங்கியது ஒரு வணிகச் செயலி, பெயர் வேண்டாம். படிவம் அழகு, வேகம் பரவாயில்லை. இரண்டு பருவத்துக்குப் பிறகு சந்தாவை நிறுத்தித் தரவை வெளியே எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. படங்கள் ஒரு கோப்புறையில், படிவங்கள் இன்னொன்றில், எந்தப் படம் எந்தப் படிவத்துக்கு என்ற இணைப்பு மட்டும் வரவில்லை. படம் எடுத்த நேரத்தை வைத்துப் பொருத்தலாம் என்று உட்கார்ந்தால், ஒரு டேப்லெட்டின் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கி ஓடியிருக்கிறது. அந்த வேலைக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு எந்தச் செயலியைச் சோதித்தாலும் முதல் நாளே பத்துப் போலிப் பதிவு போட்டு, வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச்சு.

இப்போது களத்தில் க்யூஃபீல்டு என்ற செயலி, அலுவலகத்தில் அதன் துணையான க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். இரண்டும் இலவசம், திறந்த மூலம். வரைபடம், படிவ அட்டவணை எல்லாம் ஜியோபேக்கேஜ் என்ற ஒற்றைக் கோப்பில் உட்கார்ந்துகொள்கின்றன. அது உள்ளுக்குள் எஸ்க்யூலைட் என்ற, பல மென்பொருள்கள் படிக்கக்கூடிய தரவுத்தளம்தான் என்பதால் நாளைக்கு க்யூஜிஐஎஸ் இல்லாமல் போனாலும் வேறு கருவியால் திறக்க முடியும். குறை இல்லாமல் இல்லை. ஒரே பதிவை இரண்டு பேர் தனித்தனி டேப்லெட்டில் திருத்தினால் மாலையில் ஒன்றாகச் சேர்க்கும்போது யாராவது உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ண வேண்டும். நடுப்பகல் வெயிலில் திரை தெரியாது. குழிச் சுவரில் அடுக்குகள் தெரியும் வெட்டுமுகத்தை நான் இன்னமும் முதலில் காகிதத்தில்தான் வரைகிறேன், அப்புறம்தான் ஸ்கேன். கண்ணும் கையும் சேர்ந்து மண்ணைப் பார்ப்பது அங்கேதான் நடக்கிறது. இதில் நான் பழைய ஆள்தான்.

அட்டவணை மென்பொருள் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கான்டெக்ஸ்ட் எண்கள், அதாவது தோண்டும்போது தனியாகப் பிரித்தறிகிற ஒவ்வொரு மண் அலகுக்கும் கொடுக்கும் எண்கள், ‘4-12’ என்ற மாதிரி இருந்தன: நான்காவது குழி, பன்னிரண்டாவது அலகு. சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) ஒருவர் அந்த மென்பொருளில் திறந்து சேமித்ததும் அதெல்லாம் தேதியாகிவிட்டது. பதினைந்தாவது மாதம் கிடையாது, அதனால் ‘4-15’ மாதிரி எண்களாவது தப்பிக்கும் என்று ஆறுதல்பட்டால், மென்பொருளின் மொழி அமைப்பைப் பொறுத்து அதுவும் ஏப்ரல் 15 ஆகிறது. ‘0047’ என்ற தொல்பொருள் எண் 47 ஆனது தனிக்கதை. இது எங்களுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, தேதியாக மாறிவிடுகிற சில மரபணுப் பெயர்களையே 2020-ல் மாற்றியது. நாங்களும் அதே வழிக்குத்தான் வந்தோம். எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தை ஒட்டினோம், இடைக்கோட்டை எடுத்தோம். ஒருமுறை கொடுத்த எண்ணை, பிழையாகக் கொடுத்திருந்தாலும், வேறொன்றுக்குத் திரும்பக் கொடுப்பதில்லை.

ஆயத்தொலைவில் பட்ட அடி வேறு ரகம். முதல் பருவங்களில் எங்கள் சொந்தக் கட்டம்: தென்மேற்கு மூலையில் அடித்த முளை 100, 100. அந்த முளை உலகில் எங்கே இருக்கிறது என்பது ஒரு நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. உயரத்தில் இன்னும் குழப்பம். ஜிபிஎஸ் கருவி தரும் உயரம் பூமியின் கணித வடிவமான நீள்வட்டத் திண்மத்திலிருந்து அளப்பது, சில வரைபடங்கள் தருவது கடல்மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் இடையே இடத்தைப் பொறுத்துப் பல பத்து மீட்டர் வித்தியாசம் வரும். அடுக்கை சென்டிமீட்டரில் அளந்துவிட்டு இதை எழுதாமல் விட்டால் என்ன பிரயோஜனம்? இப்போது ஒவ்வொரு கோப்பிலும், எந்த ஆயத்தொலைவு முறை என்று சொல்லும் ஈபிஎஸ்ஜி எண்ணும், உயரம் எதிலிருந்து என்பதும் இருக்கும்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஹாரிஸ் மேட்ரிக்ஸில் வந்தது. எது எதற்கு மேலே, எது எதை வெட்டுகிறது என்பதைப் பெட்டிகளாலும் கோடுகளாலும் காட்டும் அந்த வரைபடத்தைத் தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973-ல் உருவாக்கினார். நாங்கள் அதை வரைந்து படமாக அறிக்கையில் ஒட்டிவிடுவோம். மறுபயன்பாட்டுக்காக அதை மூன்று நெடுவரிசை அட்டவணையாக மாற்றினேன்: இந்த அலகு, இன்ன உறவு, அந்த அலகு. அப்படிப் போட்டதும் கணினி நிரல் ஒரு சுழலைக் கண்டுபிடித்தது. 112, 118-க்கு மேலே. 118, 121-க்கு மேலே. 121, 112-க்கு மேலே! படமாகப் பார்த்தபோது நான்கு பேர் கையெழுத்துப் போட்ட விஷயம் இது. 121 என்று எழுதிய இடத்தில் 127 இருந்திருக்க வேண்டும்.

சொற்களைப் பொதுவாக்கும் வேலையில் பாதி வெற்றிதான். பொருள்களின் பெயருக்கு அமெரிக்காவின் கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சிய எண்ணை ஒட்டுகிறோம், சிரமம் இல்லை. காலத்துக்கு பீரியட்ஓ என்ற இணையத் தொகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ‘இரும்புக் காலம்’ என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வேறு ஆண்டுகள். யார், எந்தப் பகுதிக்கு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை சொன்னார் என்பதை அது தனித்தனி வரையறையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நிரந்தர முகவரி தருகிறது. பண்பாட்டு மரபுத் தரவுகளை ஒன்றோடொன்று இணைக்க உதவும் கருத்து மாதிரியான சிடாக் சிஆர்எம் மட்டும் எங்களுக்குத் தொளதொளச் சட்டை. ஐஎஸ்ஓ 21127 என்று சர்வதேசத் தரமாகவே ஆனது, கருத்தும் வலுவானது. ஆனால் ஐந்து பேர் குழு இரண்டு மாதம் மல்லுக்கட்டியும் எலும்பு அட்டவணையைத் தாண்ட முடியவில்லை. எங்கள் நெடுவரிசை எதற்குப் பொருந்தும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்ததோடு சரி.

பழைய பருவங்களின் குறிப்புகளில் சில, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல். மாற்றிய பிறகும் ஒற்றெழுத்துகளைக் கையால் சரிபார்க்க வேண்டியிருந்தது.

சேமிக்க இடம் இருக்கிறதா என்றால், நிறையவே இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க்கில் 1996 முதல் இயங்கும் தொல்லியல் தரவுச் சேவை, ஓப்பன் கான்டெக்ஸ்ட், டிடார் எல்லாம் தொல்லியலுக்கென்றே உள்ளவை, ஜெனோடோ பொதுவானது. எங்கே போட்டாலும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இணைப்பு உடையாது. நான் செய்த தப்பு, முதல் தடவை எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டிப் போட்டது. தரவைக் கண்டறியவும் அணுகவும் முடிய வேண்டும், அது பிற தரவோடு இணங்கவும் மறுபடி பயன்படவும் வேண்டும் என்று 2016-ல் வந்த ஃபேர் கொள்கைகளில் முதல் இரண்டைத்தான் அது தொட்டது. அடுத்த தடவை தனித்தனி சிஎஸ்வி, மூலப் புகைப்படங்கள், கூடவே குறியீட்டு விளக்கத் தாள். புகைப்படங்களிலிருந்து கட்டிய முப்பரிமாண மாதிரியை மட்டும் கொடுத்தால் போதாது. நாளை இன்னும் நல்ல மென்பொருள் வரும்போது மூலப் படமும், இடம் அளந்து குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் இருந்தால்தான் திரும்பக் கட்ட முடியும். உரிமம் சிசி பை, அதாவது எங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றையும் திறந்துவிடவில்லை. தோண்டாமல் விட்ட இடங்களின் துல்லியமான ஆயத்தொலைவைப் பொதுவில் வைப்பது திருடனுக்கு வழிகாட்டிப் பலகை நடுவது மாதிரி, அதனால் அவற்றைக் கிலோமீட்டர் கட்டமாக மங்கலாக்கினோம். மனித எலும்புகளின் படங்கள் கேட்பவருக்கு மட்டும்.

அந்தக் குறியீட்டு விளக்கத் தாள்தான் ஏழு பருவத்தில் நாங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை. பதினோரு பக்கம், பார்க்கச் சலிப்பு. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், அலகு, அனுமதித்த மதிப்புகள், வெற்றிடத்தின் அர்த்தம். பருவம் தொடங்கும் முன்னரே எழுதிவிட வேண்டும். முடிந்தபின் எழுதலாம் என்று இருந்தால், கேட்க ஆள் இருக்காது. தோண்டியவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

அந்த எலும்பு ஆய்வாளரே சென்ற பருவத் தரவையும் எடுத்துக்கொண்டார். இந்த முறை ஒரே ஒரு கேள்விதான் வந்தது: ‘சல்லடைக் கண் அளவு போட்டிருக்கிறீர்கள், சரி. உலர்ந்த மண்ணைச் சலித்தீர்களா, தண்ணீர் விட்டா?’ அந்த நெடுவரிசை எங்களிடம் இல்லை. எட்டாவது பருவப் படிவத்தில் சேர்த்தாகிவிட்டது.