தோற்கும் அணி எதை மாற்ற வேண்டும்? ரிச்மண்ட் வழி, நார்த் வழி, மெல்பர்ன் வழி

ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் 2016 சீசனின் கடைசி ஆட்டத்தில் ரிச்மண்ட் அணி சிட்னியிடம் 113 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கியது. 22 ஆட்டத்தில் 8 வெற்றி, 18 அணிகளில் 13-ஆம் இடம். நிர்வாகக் குழுவையே மாற்ற வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. கோச் டேமியன் ஹார்ட்விக்கை வீட்டுக்கு அனுப்பச் சொன்னவர்களும் ஏராளம். அதே ஹார்ட்விக், அதே கேப்டன் ட்ரென்ட் காட்சின், 2017 செப்டம்பர் 30 அன்று ஒரு லட்சம் பேருக்கு முன்னால் அடிலெய்டை 108-60 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். 37 வருடம் கழித்து ரிச்மண்டுக்குக் கிடைத்த கோப்பை அது.

ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் அடிமட்டத்தில் கிடக்கும் அணிக்கு முன்னால் எப்போதும் சில பாதைகள்தான் இருக்கும். ஆடும் முறையை மாற்றலாம். மூத்தவர்களைக் கழித்துவிட்டு இளைஞர்களை இறக்கலாம். காசும் டிராஃப்ட் வாய்ப்புகளும் (இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கடைசி இடத்து அணிக்கே முதல் வாய்ப்பு) கொடுத்து வெளியிலிருந்து ஆள் வாங்கலாம். முதல் வழிக்கு ரிச்மண்டும் கோலிங்வுட்டும் உதாரணம், இரண்டாவதற்கு நார்த் மெல்பர்ன், மூன்றாவதற்கு மெல்பர்ன். எது யாருக்கு ஒத்துவந்தது, ஏன் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தை பாக்ஸிங் டே டெஸ்டில் மட்டுமே பார்த்தவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அதே பெரிய முட்டை வடிவ மைதானத்தில் பக்கத்துக்கு 18 பேர் ஆடுவார்கள். ஆஃப்சைடு கிடையாது. கோல் அடித்தால் 6 புள்ளி, கொஞ்சம் விலகிப் பக்கத்துக் கம்பத்துக்குள் போனால் 1. குறைந்தது 15 மீட்டர் பறந்துவந்த கிக்கைக் கீழே விழாமல் பிடித்தால் அது 'மார்க்'. பிடித்தவரை யாரும் தொடக் கூடாது, அவர் நிதானமாக அடுத்த கிக்கை அடிக்கலாம். கீழே சொல்லப்போகும் சண்டை முழுக்க இந்த மார்க்கைச் சுற்றித்தான்.

பந்தைக் காப்பாற்றுவதா, முன்னே தள்ளுவதா

2013 முதல் 2015 வரை மூன்று கோப்பையையும் தொடர்ந்து வென்றது ஹாதார்ன். அலஸ்டர் கிளார்க்சன் கோச். குட்டிக் குட்டி கிக், பிடி, மறுபடி கிக், எதிரணியைப் பந்தின் பின்னாலேயே அலைய விடு என்பது அவர்கள் ஆட்டம். எல்லா அணியும் அதைக் காப்பி அடிக்கப் பார்த்தது. ஹார்ட்விக் 2008-இல் கிளார்க்சனுக்குத் துணைக் கோச்சாக இருந்து கோப்பை பார்த்தவர். ரிச்மண்டும் அந்தப் பாணியில் பந்தை வைத்துக்கொண்டு நிதானமாக ஆடியதில் ஆச்சரியமில்லை. 2013, 2014, 2015 என மூன்று வருடமும் ஃபைனல்ஸ் சுற்றுக்கு (முதல் எட்டு அணிகள் கோப்பைக்கு மோதும் கட்டம்) போய், மூன்று வருடமும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. நாலாவது வருடம் அங்கேயும் போகவில்லை.

இந்தப் பாணியின் சிக்கல் இதுதான். ஹாதார்னின் சாம் மிட்செல், லூக் ஹாட்ஜ் மாதிரி குறி தவறாமல் கிக் அடிக்கிற ஆட்கள் இருந்தால் அழகாக ஓடும். இல்லாவிட்டால் ஆறு கிக் சரியாகப் போய் ஏழாவது கிக் எதிராளி மடியில் விழும். அந்த நேரத்தில் உங்கள் ஆட்கள் மார்க் வாங்குவதற்காக மைதானம் முழுக்கப் பரந்து நிற்பார்கள். பந்து போனதும் உங்கள் கோலுக்கு முன்னால் ஈ காக்கா இருக்காது. பலவீனமான அணி எப்படியும் தப்புச் செய்யும், அதைத் தடுக்க முடியாது. அந்தத் தப்பு மைதானத்தின் எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பதை மட்டும் கோச் முடிவு செய்யலாம். பந்தைப் பிடித்து ஆடும் முறையில் தப்பு பெரும்பாலும் சொந்தப் பாதியில் நடக்கிறது.

2017 ரிச்மண்ட் இதைத் தலைகீழாக்கியது. பந்து கிடைத்ததா, முன்னே தள்ளு. கிக் அடிக்க முடியாவிட்டால் ஹேண்ட்பால் (ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்புவது), அதுவும் முடியாவிட்டால் தட்டி விடு, காலால் எத்து. எப்படியாவது பந்து எதிரணி கோலை நோக்கி நகர வேண்டும். பிடிபட்டாலும் பரவாயில்லை. அங்கே தொலைத்த பந்தை எதிரணி மைதானத்தின் முழு நீளத்துக்கும் கொண்டுவர வேண்டும், அதற்குள் மூன்று பேர் மேலே விழுந்து டேக்கிள் செய்வார்கள். பார்க்க அழகில்லைதான். சந்தைக் கூட்டத்தில் பை பறிகொடுத்தவன் ஓடுவது மாதிரி இருக்கும். ஆனால் அடிலெய்டு மாதிரி அந்த வருடம் வெளுத்து வாங்கிய அணியே இறுதி ஆட்டத்தில் பந்தைக் கோர்வையாக நகர்த்த முடியாமல் 8 கோலோடு நின்றுவிட்டது.

இது ஒரே நாளில் பலித்த வித்தையும் இல்லை. 2017-இல் ரிச்மண்ட் முதல் ஐந்து ஆட்டத்தை வென்றது, அடுத்த நான்கைத் தோற்றது. முதலில் இதே அடிலெய்டிடம் 76 புள்ளியில். அப்புறம் மூன்று வாரம் அடுத்தடுத்து 5, 2, 3 புள்ளி வித்தியாசத்தில். முந்தைய வருடங்களில் தோற்றதற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது: ஆட்டம் கையில்தான் இருந்தது, கடைசி நிமிடங்களில் நழுவியது. அந்த நேரத்தில் பயந்து பழைய பாணிக்குத் திரும்பாததுதான் ஹார்ட்விக் செய்த பெரிய காரியம் என்பேன்.

கோலிங்வுட் கதை இதற்குத் தம்பி. 2021-இல் 6 வெற்றியோடு 17-ஆம் இடம். எல்லைக்கோட்டு ஓரமாகவே மெதுவாகப் பந்தை நகர்த்தும், ரிஸ்க் எடுக்காத ஆட்டம். நடுவிலேயே கோச் நேதன் பக்லி விலகினார். 2022-இல் கிரெய்க் மெக்ரே வந்தார். 2017-இல் ரிச்மண்டில் துணைக் கோச்சாக இருந்த ஜஸ்டின் லெப்பிட்ச் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார். பெரும்பாலும் அதே ஆட்கள், பந்து மட்டும் மைதானத்தின் நடுவே வேகமாக ஓட ஆரம்பித்தது. மார்க் பிடித்தவருக்கு எதிரே நிற்பவர் பக்கவாட்டில் அசையக் கூடாது என்று 2021-இல் வந்த விதியும் நடுப்பாதையைத் திறந்துவிட்டிருந்தது. அந்த வருடம் 16 வெற்றி, இறுதி ஆட்டத்துக்கு முந்தைய சுற்றில் சிட்னியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. 2023-இல் பிரிஸ்பேனை 4 புள்ளியில் வென்று கோப்பை.

எண்களைப் பாருங்கள்: ஒரு புள்ளி, நாலு புள்ளி. 2022-இல் எஸ்ஸெண்டனுக்கு எதிராக ஜேமி எலியட் ஆட்டம் முடியும் சைரன் ஒலித்த பிறகு எல்லைக்கோட்டுப் பக்கத்திலிருந்து அடித்த கோலும் இந்த வகைதான். முன்னே தள்ளும் ஆட்டம் உங்களை ஆட்டத்துக்குள் வைத்திருக்கும். எதிரணியை நசுக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். இன்னொரு விலை, உடல். ஆள் மாற்றுவதற்கு வரம்பு உண்டு: 2017-இல் ஒரு ஆட்டத்துக்கு 90 முறை, 2021 முதல் 75. முன்வரிசையின் விரட்டல் தளர்ந்தால் பின்னால் முழு மைதானமும் திறந்து கிடக்கும். ரிச்மண்டுக்கு அங்கே அலெக்ஸ் ரான்ஸ், டிலன் கிரைம்ஸ், டேவிட் ஆஸ்ட்பரி இருந்தார்கள், ஒத்தைக்கு ஒத்தை நின்று சமாளிப்பார்கள். அப்படிப்பட்ட பின்வரிசை இல்லாத அணி இதை இரவல் வாங்கினால் கடைசிக் கால்பகுதியில் கோலாகக் கொடுத்துத் தீர்க்கும்.

உயரமான ஃபார்வர்ட் எத்தனை பேர்

முறை மாறினால் ஆட்களும் மாற வேண்டும். இங்கேதான் பல கோச்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

2016-இல் ரிச்மண்டிடம் ஜாக் ரீவோல்ட், டைரோன் விக்கரி, பென் கிரிஃபித்ஸ் என்று உயரமானவர்கள் இருந்தார்கள். உயரமானவர்கள் கூடினால் மார்க் கூடும் என்பது கணக்கு. ஆனால் அவசரத்தில் உயரே தூக்கி அடித்த கிக்கை யாரும் சுத்தமாகப் பிடிப்பதில்லை. நாலு பேர் குதிப்பார்கள், பந்து கையில் பட்டுக் கீழே விழும். கீழே விழுந்த அந்த நொடியில் இரண்டு மீட்டர் ஆள் இன்னும் தரையில் கால் ஊன்றிக்கொண்டிருப்பார். எதிரணியின் குட்டி டிஃபெண்டர் பந்தை அள்ளிக்கொண்டு ஓடிவிடுவார்.

விக்கரி ஹாதார்னுக்குப் போனார். கிரிஃபித்ஸ் 2017 தொடக்கத்தில் தலையில் அடிபட்டு ஒதுங்கினார். பிற்பாடு அமெரிக்காவில் பல்கலைக்கழக ஃபுட்பாலில் கிக் அடிக்கப் போய்விட்டார், அது தனிக்கதை. மிஞ்சியது ரீவோல்ட் ஒருவர். அவரைச் சுற்றி டேன் பட்லர், டேனியல் ரியோலி, ஜேசன் காஸ்டான்யா என்று குள்ளமான, ஓயாமல் ஓடுகிற மூன்று பேர். திட்டம் பாதி, வேறு வழியின்மை பாதி. இப்போது அதே உயரமான கிக் வந்து விழுந்தால் ரீவோல்ட் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, எதிராளியைப் பிடிக்க விடாமல் செய்தால் போதும். தரையில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

சீசன் முடியும் தறுவாயில் செய்த தேர்வுகள் இன்னும் சுவாரஸ்யம். இரண்டாம் நிலை லீக்கான வி.எஃப்.எல்.-இல் ஆடிக்கொண்டிருந்த ஜேக்கப் டவுன்செண்டைக் கூப்பிட்டு முன்வரிசையில் போட்டார்கள். இறங்கிய கையோடு கோலாக அடித்துத் தள்ளினார். 19 வயது ஜாக் கிரஹாமுக்கு இறுதி ஆட்டம் வெறும் ஐந்தாவது ஆட்டம். அடிலெய்டின் ரோரி ஸ்லோனை நிழலாகத் தொடர்ந்ததோடு மூன்று கோலும் அடித்தார். கோச் தேடியது பெரிய பெயரை இல்லை, இந்த முறைக்குப் பொருந்துகிற காலை.

அதற்காக ஒரே உயரமான ஃபார்வர்ட் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிச்மண்டே 2019-க்கு டாம் லிஞ்சை கோல்ட் கோஸ்டிலிருந்து கொண்டுவந்து ரீவோல்ட் பக்கத்தில் நிறுத்தியது. அந்த வருடமும் அடுத்த வருடமும் கோப்பை. அணி நன்றாக இருக்கும்போது இரண்டு உயரம் தாங்கும். தள்ளாடும்போது இரண்டாவது உயரமானவர் பாரம்.

ரக்மேன், அதாவது நடுவர் பந்தை உயரே போடும்போது குதித்துத் தட்டிவிடும் நெட்டை ஆள், அவர் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. 2017-இல் ரிச்மண்ட் டோபி நான்கெர்விஸ் ஒருவரை வைத்தே ஓட்டியது. அவர் மூச்சு வாங்கும்போது மிட்ஃபீல்டர் ஷான் கிரிக் போய்க் குதித்தார், பெரும்பாலும் தோற்றார், ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மெல்பர்ன் 2021-இல் மாக்ஸ் கான், லூக் ஜாக்சன் என்று இருவரை வைத்து வென்றது, ஆனால் 19 வயது ஜாக்சன் மிட்ஃபீல்டர் மாதிரி ஓடக் கூடியவர். இரண்டாவது ரக்மேனால் ஓட முடியாதென்றால் அவர் இடத்தை ஓடுகிற ஒருவருக்குக் கொடுங்கள்.

கழித்துக் கட்டுவதா, வாங்கிச் சேர்ப்பதா

நார்த் மெல்பர்ன் 2020-இல் 17-ஆம் இடத்தில் முடித்ததும் ஒரே அடியாக 11 வீரர்களை வெளியே அனுப்பியது. 2017, 2018, 2019 மூன்று வருடமும் 60-க்கு மேல் கோல் அடித்த பென் பிரவுனும் வேறு அணிக்குப் போனார். அடுத்த வருடம் அனுபவமுள்ள டிஃபெண்டர் ராபி டாரண்ட் போனார். காகிதத்தில் இது சரியாகத்தான் தெரியும்: எப்படியும் தோற்கிறோம், இளைஞர்களோடு தோற்போம், டிராஃப்டில் முதல் வாய்ப்பு கிடைக்கும். கிடைத்தது. 2021-இல் கடைசி இடம், டிராஃப்டின் முதல் தேர்வாக ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ். 2022-இல் 2 வெற்றி, மறுபடி கடைசி இடம், சீசன் நடுவில் கோச் டேவிட் நோபல் விலகல். ஹார்ன்-ஃபிரான்சிஸ் ஒரே சீசன் ஆடிவிட்டு போர்ட் அடிலெய்டுக்குக் கிளம்பினார். 2023-இல் நான்கு கோப்பை வென்ற கிளார்க்சனையே கூட்டிவந்தார்கள். அப்போதும் 17-ஆம் இடம்.

இளைஞர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 19 வயதுப் பையன் ஆட்டத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்று கத்திச் சொல்ல ஒரு 29 வயது ஆள் வேண்டும். வாராவாரம் 60, 80 புள்ளியில் தோற்கும் அணியில் அந்தப் பையன் கற்றுக்கொள்வது தோற்பதை மட்டும்தான். கிரஹாம் ஐந்தாவது ஆட்டத்தில் ஜொலித்தார் என்றால் அவருக்கு ஒரு பக்கம் காட்சின், மறுபக்கம் அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கிய டஸ்டின் மார்ட்டின்.

அந்த பென் பிரவுன் எங்கே போனார்? மெல்பர்னுக்கு. 2019-இல் 17-ஆம் இடத்தில் கிடந்த அணி அது. கோச் சைமன் குட்வினை மாற்றவில்லை. அடிலெய்டிலிருந்து ஜேக் லீவர், கோல்ட் கோஸ்டிலிருந்து ஸ்டீவன் மே என்று பின்வரிசைக்கு ஏற்கனவே விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். அந்த ஜோடி செட் ஆக இரண்டு சீசன் பிடித்தது. 2021-இல் மெல்பர்ன் 57 வருடத்துக்கு அப்புறம் கோப்பை வென்றது. பெர்த்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸை 74 புள்ளியில் துவைத்தபோது பிரவுன் மூன்று கோல் அடித்தார். நார்த் ரசிகர்கள் அந்த இரவு டிவியை அணைத்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்று வழியையும் சேர்த்து வைத்தால், என் ஓட்டு இப்படி விழும். நடுத்தர வயது நட்சத்திரங்கள் நாலு பேர் இருக்கும் அணி ஆடும் முறையை மாற்ற வேண்டும், பலன் ஒரு வருடத்தில் தெரியும். ரிச்மண்டிடம் மார்ட்டின், காட்சின், ரான்ஸ், ரீவோல்ட் இருந்தார்கள் என்பதை யாரும் மறக்கக் கூடாது. மிட்ஃபீல்ட் நன்றாக இருந்து பின்வரிசை ஓட்டையாக இருந்தால் மெல்பர்ன் மாதிரி டிஃபெண்டர்களை வாங்க வேண்டும், பொறுமை வேண்டும். யாருமே இல்லாதபோதுதான் நார்த் வழி. அப்போதும் 11 பேரை ஒரே நாளில் அனுப்பக் கூடாது.

கொடுமை என்னவென்றால், அந்தக் கடைசி நிலைக்குப் பிறகு வந்தது ரிச்மண்ட்தான். 2023 நடுவில் ஹார்ட்விக் விலகினார். அடுத்த வருடம் ஆடம் யேஸ் கோச்சாக வந்தார், வெறும் 2 வெற்றி, கடைசி இடம். ரியோலி, கிரஹாம் உட்பட கோப்பை வென்றவர்கள் சிலர் வேறு அணிகளுக்குப் போனார்கள். பதிலுக்கு 2024 டிராஃப்டின் முதல் சுற்றில் மட்டும் ஆறு இளைஞர்கள், முதல் தேர்வாக சாம் லாலர். ஆனால் நார்த் செய்யாததை ரிச்மண்ட் செய்தது: கேப்டன் நான்கெர்விஸ், டாம் லிஞ்ச், நிக் விளாஸ்டின் என்று ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மூத்தவரை வைத்துக்கொண்டது. 2025 முதல் ஆட்டத்தில் கார்ல்டனிடம் 41 புள்ளி பின்தங்கியிருந்து மீண்டு 13 புள்ளியில் வென்றார்கள். லாலருக்கு அது முதல் ஆட்டம். அந்த சீசனில் அப்புறம் நிறையத் தோற்றார்கள். தேர்வுக் குழுவில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தால், புதிதாக எடுத்த உயரமான பையன்களை வி.எஃப்.எல்.-இல் ஒரு வருடம் வளர விட்டு, லிஞ்சைச் சுற்றி ஓடுகிற குட்டி ஃபார்வர்ட்களைப் போடத்தான் சொல்வேன்.