கோட்டையும் மரக்காலும் ஒழுங்காகத் தெரிய எந்த எடிட்டர்? நியோவிம், விஎஸ் கோட்: ஓர் ஒப்பீடு

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு நெல் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். நிரல்மொழி டைப்ஸ்கிரிப்ட், வேலை பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே. நிரல் எழுதும் எடிட்டராக ஆறு வருடம் நியோவிம்தான் பயன்படுத்தினேன்; அது டெர்மினல் என்ற, எழுத்து மட்டுமே காட்டும் கறுப்பு ஜன்னலுக்குள் ஓடுவது. போன ஐப்பசியில், தனி ஜன்னலில் திறக்கும் விஎஸ் கோடு எடிட்டருக்கு மாறிவிட்டேன். மாறியதற்குக் காரணம் ஒன்றுதான்: நிரலுக்குள் தமிழில் எழுதிவைத்த விளக்கக் குறிப்புகள்.

தமிழில் எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கணக்கின் விதிகளே தமிழில்தான் இருக்கின்றன. நெல் அளவையில் கோட்டைக்கு 21 மரக்கால். பருவம் இரண்டு, கார், பிசானம். பிசானம் ஐப்பசி வாக்கில் தொடங்கி அறுவடைக்குள் ஆங்கில வருடத்தைத் தாண்டிவிடும். அந்த நெல் எந்த வருடக் கணக்கில் சேரும்? ஆலையின் வழக்கப்படி, பருவம் தொடங்கிய வருடத்தில். பருவத்தைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனுக்கு (நிரலின் ஒரு துண்டுக்கு) மேலே இதையெல்லாம் ஒரு சின்ன அட்டவணையாக எழுதியிருந்தேன். ஆனால் டெர்மினலில் அது படிக்கிற மாதிரி இல்லாததால் நானே பார்க்காமல் தாண்டிப் போனேன். கணக்குப்பிள்ளை அண்ணாச்சி போனில் கூப்பிட்டார்: "தம்பி, தையில வந்த நெல்லு புது வருசத்துல கெடக்கு. பிசானத்த ரெண்டா பிச்சிட்டியளே."

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். ஃபங்ஷன் பெயரில் நின்று அதன் விளக்கத்தைப் பார்க்கும் வசதி இரண்டிலுமே உண்டு. நியோவிமில் 0.10 பதிப்பிலிருந்து (2024) மொழிச் சர்வர் (நிரலைப் படித்து எடிட்டருக்கு விளக்கம் தரும் துணை நிரல்) ஓடும் கோப்புகளில் பெரிய கே எழுத்தைத் தட்டினால் போதும். விஎஸ் கோடில் மவுஸை மேலே வைத்தால் 300 மில்லிசெகண்டில் பெட்டி திறக்கும். கீபோர்டை விட மனமில்லாதவர்களுக்குக் கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-ஐ இருக்கிறது. டைப்ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பின்னால் நின்று விளக்கம் தருவது டிஎஸ்சர்வர் என்ற ஒரே நிரல். வருகிற சரக்கு ஒன்றுதான், பரிமாறுகிற இலைதான் வேறு.

அந்த இலையில்தான் விஷயமே இருக்கிறது. டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரி. எல்லாக் கட்டமும் ஒரே அகலம். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'ர'வின் அகலம் என்ன, 'ணை'யின் அகலம் என்ன! 'கோ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் நினைவில் முதலில் ககரம், அதற்குப் பிறகு ஓகாரக் குறி. திரையில் இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும். இந்த இடமாற்றத்துக்கென்று எழுத்துக்கோர்ப்பு வேலை ஒன்று உண்டு. அலாக்ரிட்டி டெர்மினலில் அது நடப்பதே இல்லை, அதனால் 'கோட்டை'யில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். கிட்டி டெர்மினல் ஹார்ப்பஸ் என்ற எழுத்துக்கோர்ப்பு நூலகத்தைக் கொண்டு எழுத்துகளைச் சரியாகவே கோர்க்கிறது. ஆனால் கோர்த்ததைக் கட்டத்துக்குள் திணிப்பதால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு அட்டவணை அட்டவணையாக வராது. நான் போட்ட செங்குத்துக் கோடுகள் அப்படியே, வரிக்கு வரி வேறு வேறு இடத்தில் நிற்கும். நியோவிமைக் குறை சொல்லிப் பயனில்லை, அது குடியிருக்கும் வீடு அப்படி.

விஎஸ் கோடின் அடியில் இருப்பது, குரோம் பிரவுசருக்கும் அடித்தளமான குரோமியம். பிரவுசரில் தமிழ் எப்படித் தெரியுமோ அப்படியே அந்தப் பெட்டியிலும் தெரிகிறது. மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதிய அட்டவணை, கோடு கட்டிய உண்மையான அட்டவணையாக விரிகிறது: இடது பக்கம் கார், பிசானம், நடுவில் மாதங்கள், வலது பக்கம் கணக்கு வருடம். நிரலுக்குள் கோணல்மாணலாக இருக்கும் அதே குறிப்புதான். இப்போது சந்தேகம் வந்தால் திரையை அண்ணாச்சிக்கு வீடியோ அழைப்பில் காட்டுகிறேன், அவரே படித்து, சரி, தப்பு என்று சொல்லிவிடுகிறார். நிரல் தெரியாதவர் நிரலின் விதியைச் சரிபார்ப்பது எனக்குப் பெரிய விஷயம். அதற்காகவே நான் விஎஸ் கோடின் பக்கம்.

விட்டுக்கொடுத்ததும் இருக்கிறது. நியோவிம் சட்டென்று திறக்கும், நினைவகமும் கொஞ்சமாகத்தான் தின்னும். 8 ஜிபி மடிக்கணினியில் பிரவுசரையும் விஎஸ் கோடையும் சேர்த்துத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. ஆலையின் சர்வருக்குள் நுழைந்து இரண்டு வரி திருத்த இன்றைக்கும் நியோவிம்தான்.

ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரை இரண்டு வாரம்தான் ஓட்டிப் பார்த்தேன், அதனால் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனி ஜன்னலில் திறந்தால் தமிழ் நன்றாகவே தெரிந்தது. 27-ஆம் பதிப்பிலிருந்து அதுவும் ஹார்ப்பஸைப் பயன்படுத்துகிறது. 29-இல் மொழிச் சர்வரோடு பேசும் எக்லாட் கூடவே வருவதால், விளக்கத்தை ஒரு பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டே தட்டச்சு செய்யலாம். பெட்டி மறைந்து மறைந்து போவது பிடிக்காதவர்கள் அதைப் பார்க்கலாம்.

அப்புறம், விஎஸ் கோடுக்கு வருகிறவர்கள் அமைப்புகளில் எழுத்துரு வரிசையின் கடைசியில் நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், வரி உயரத்தையும் சற்றுக் கூட்டுங்கள். இல்லையென்றால் நிரலுக்குள் இருக்கும் தமிழ்க் குறிப்பில் புள்ளிகள் மேல்வரியோடு ஒட்டிக்கொள்ளும்.