வாழை லோடுக்கு எந்தப் பிக்கப்? பொலிரோ, தோஸ்த், யோதா

நெல்லை மாவட்டம் களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழை லோடுக்கு வண்டி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று வண்டிகளைத்தான் விசாரிக்கிறார்கள்: மகிந்திரா பொலிரோ பிக்கப் 1.7 டன், அசோக் லேலண்ட் தோஸ்த் பிளஸ், டாடா யோதா 2.0. குட்டி யானை (டாடா ஏஸ்) முக்கால் டன் வண்டி. நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுபோக அது போதும், வாழைத்தார் லோடுக்குக் காணாது.

நான் எடுத்தது பொலிரோ. அதற்கு முதல் காரணம் ஏற்றக்கூடிய எடைதான்.

கம்பெனிக் கணக்கில் தோஸ்த் பிளஸ் 1.5 டன், பொலிரோ 1.7, யோதா 2. ஆனால் ரோட்டில் செல்லுபடியாவது ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை மட்டும்தான். அதிலிருந்து வண்டியின் காலி எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் லோடு. ஷோரூமிலிருந்து வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? கம்பிக் கூண்டு வைக்கிறோம், தரைக்குத் தகடு அடிக்கிறோம், படுதாவுக்குக் கம்பி வளைக்கிறோம். இத்தனையும் காலி எடையில் ஏறும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூடக் கூடாது.

ஏத்தன் (நேந்திரன்) தார் ஒன்று 12 கிலோ என்று வையுங்கள். 1.5 டன்னுக்கு 125 தார். கூண்டும் தகடும் 100 கிலோ வந்தால் 116 தாரோடு நிறுத்த வேண்டும். பொலிரோவில் அதே கூண்டு போனாலும் 133 தார் ஏறும். பாடி கட்டிய பிறகும் முழுசாக ஒன்றரை டன் தாங்குகிற வண்டி எனக்கு வேண்டியிருந்தது.

பின்னால் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். வண்டி உட்காராது, அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் பழையபடியேதான் இருக்கும், ஆர்.சி.யும் மாறாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் கூடுதல். மிஞ்சியதை அங்கேயே இறக்கவும் சொல்லலாம். வெயிலில் ரோட்டோரம் இறக்கி ஏற்றிய தாரில் காய் உரசிக் கறுத்துப்போகும். வியாபாரி பாதி விலைதான் கேட்பார். பாடி கட்டி முடித்த அன்றே காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி, அந்தச் சீட்டை ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல் செலவில் தோஸ்த்தான் லாபம், சந்தேகமே இல்லை. 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர். சமதளத்தில் நாகர்கோவில் வரை போய்வர அருமையான வண்டி. புளியரை மலைப்பாதை வழியாகக் கேரளா போகிறவர்களுக்குத்தான் பொலிரோவின் 2.5 லிட்டர் இன்ஜின் கைகொடுக்கும். எஸ் வளைவில் முன்னால் லாரி நின்றுவிட்டால், முழு லோடோடு நின்ற இடத்திலிருந்து திணறாமல் எடுக்கிறது. விற்கப் போனாலும் எங்கள் பக்கம் பழைய பொலிரோவுக்கு ஆள் தேடி வருவார்கள்.

யோதாவை நான் ஓட்டியதில்லை. 2.2 லிட்டர், 100 குதிரைத்திறன், 2 டன் என்று கணக்கில் அதுதான் முந்துகிறது. வைத்திருப்பவர்களும் இழுவையைக் குறை சொல்லவில்லை. எனக்கு ஒரு வெட்டுக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் தார் சேருவது அபூர்வம் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. தினமும் அதற்கு மேல் லோடு உறுதியாகக் கிடைக்கிறவர்கள், வாங்குமுன் தெரிந்தவர் யோதாவில் லோடோடு ஒரு நடை மலையேறிப் பார்த்துவிடுங்கள்.